பக்கவாதக்காரருக்கு மயக்க மருந்து

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது; இடது கை, கால் பலவீனம். இப்போது குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தால் மறுபடி வாதம் வந்துவிடுமா?
– வாசகி, கரூர்

பயத்தால் தேதியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2014-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், ஆபரேஷன் ஆபத்து வாதம் வந்த முதல் 9 மாதங்களில்தான் தூக்கலாக இருந்தது. அப்பா அதைத் தாண்டிவிட்டார்.

மயக்கவியல் டாக்டரிடம் எந்தப் பக்கம் வாதம், எப்போது வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து, வாதம் பட்ட தசையிலிருந்து பொட்டாசியத்தை ரத்தத்தில் கொட்டவைத்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்; பதிலுக்கு ரோகுரோனியம் இருக்கிறது. தளர்வை அளக்கும் கருவியையும் வலது கையில்தான் மாட்ட வேண்டும். வாதக் கை பொய்க்கணக்கு காட்டும்!

மிடசோலம் போன்ற தூக்க மருந்து, தேறிப்போன பழைய பலவீனத்தைக் கொஞ்ச நேரம் கிளப்பிவிடுவதுண்டு. விழித்ததும் கை துவண்டாலோ பேச்சு குழறினாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மருந்தின் வேலையா, புது அடைப்பா என்று அவர் பார்ப்பார்.

அப்பா ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தால், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.