வானம் வெளுத்தாலும் கடல் தணியாது

பால்மரம் சீவும் தொழிலாளருக்கு வானத்தைப் படிக்க எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விடியுமுன் வாசலில் நின்று மேலே ஒருமுறை நோக்கினாலே போதும். மரத்தில் கத்தி வைக்கலாமா, பட்டையின் ஈரம் உலரும்வரை காத்திருக்க வேண்டுமா, மங்கில் இறங்கும் பால் மழைநீரோடு வழிந்து வீணாகுமா என்பதையெல்லாம் அவர் ஓரளவு கணித்துவிடுவார். மழை பெய்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் வருமானம் குறையும். ஆதலின் வானத்தைப் பார்ப்பது அவருக்குப் பழக்கம் மட்டுமன்று, பிழைப்பும் ஆகும்.

ஆயினும், இந்த அனுபவ அறிவு ஓரிடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். அந்த இடம் கடற்கரை. ஆண்டிறுதியில் தோட்டத்துக் குடும்பங்கள் பல ஒன்றுகூடிப் பேருந்து அமர்த்திக்கொண்டு குவாந்தானுக்கு அருகிலுள்ள தெலுக் செம்பெடாக், அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செரத்திங் ஆகிய கரைகளுக்கு உல்லாசப் பயணம் செல்வதுண்டு. கரையில் வெயில் காய்ந்தால், "இன்று நல்ல நாள்" என்று எண்ணிப் பிள்ளைகளை நீரில் இறக்கிவிடுகிறோம். தோட்டத்தில் சரியாக இருக்கும் அந்தக் கணிப்பு கடற்கரையில் தவறாகிவிடக் கூடும். ஏன் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

நவம்பர் முதல் மார்ச் வரை நம் நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அக்காலத்தில் சைபீரியா, மங்கோலியா ஆகிய நிலப்பகுதிகள் கடுங்குளிரால் உறைகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது அங்கே தேங்கி அழுத்தம் மிகுந்து, வெப்பமான தென்திசை நோக்கிப் பாய்கிறது. சீனத்தைக் கடந்து தென் சீனக் கடலின்மீது வரும்போது, கடலின் வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அந்த ஈரமே கிளந்தான், திரெங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி ஆகியவற்றில் பெருமழையாகக் கொட்டுகிறது.

இக்காற்று ஐந்து மாதமும் ஒரே சீராக வீசுவதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சில நாள் வேகமாகப் பாயும், பின்னர்ச் சில நாள் தளரும், மீண்டும் பாயும். இதனைக் குளிர்காற்று எழுச்சி என்பர். ஓர் எழுச்சி வரும்போது மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யலாம். அது தளர்ந்ததும் வானம் தெளிந்து வெயில் அடிக்கும். அந்த இடைவெளியில்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

அலை எவ்வாறு பிறக்கிறது?

அலையின் அளவை மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, காற்றின் வேகம். இரண்டு, அது எவ்வளவு நேரம் தொடர்ந்து வீசுகிறது என்பது. மூன்று, தடையற்ற நீர்ப்பரப்பில் அது எவ்வளவு தூரம் ஓடி வருகிறது என்பது. தென் சீனக் கடலின் வடகோடியிலிருந்து பகாங் கரை 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. இடையில் காற்றைத் தடுக்கும் பெருநிலம் அதிகம் இல்லை. ஆகவே, பருவக்காற்று காலத்தில் அக்கரையை வந்தடையும் அலைகள் உயரமும் வலிமையும் மிக்கவை.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். அலை பிறக்கும் இடம் வேறு. அது வந்து மோதும் இடம் வேறு. செரத்திங்கில் காற்று அசையாத ஒரு காலைப்பொழுதிலும், எங்கோ நடுக்கடலில் வீசிய காற்று எழுப்பிய அலைகள் வந்துகொண்டே இருக்கும். காற்று தணிந்த பின்னரும் ஓரிரு நாள் கடல் கொந்தளிப்பாக இருப்பது இதனாலேயே.

அலையின் வலிமையையும் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். நிறைந்த பால் வாளிகளைச் சுமந்து பழகியவர்களுக்கு எடை என்றால் என்னவென்று தெரியும். ஆனால் ஒரு டன் எடை ஓடி வந்து மோதினால் முழங்கால் அளவு நீரிலும் பெரியவர் ஒருவர் நிலைகுலைந்து விழுவார். மேலும், அலையின் உயரம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும்.

வரும் வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியவை

பருவத்தின் தொடக்கமாகிய நவம்பரிலும் டிசம்பரின் முற்பகுதியிலும் மழையின் வேகம் பெரும்பாலும் கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் மிகுந்திருக்கும். பகாங்கின் கடலும் இக்காலத்திலேயே கொந்தளிக்கத் தொடங்கிவிடும். தியோமான் போன்ற தீவுகளுக்குச் செல்லும் படகுப் பயணங்கள் குறைந்துவிடுவது இதன் அறிகுறி.

டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் பெருமழை தெற்கு நோக்கி நகர்ந்து பகாங்கையும் கிழக்கு ஜொகூரையும் தாக்குவது வழக்கம். 1971ஆம் ஆண்டு ஜனவரியிலும், 2014ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2021ஆம் ஆண்டு ஜனவரியிலும் பகாங்கில் ஏற்பட்ட பெருவெள்ளங்கள் இப்பருவத்தில் நிகழ்ந்தவையே. இவ்வாரங்களில் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டிக் கடல்மட்டம் உயரும்போது அலைகள் கரையின் மேற்பகுதிவரை ஏறிவரும். ஆறுகளின் வெள்ளமும் கடலில் வடிய வழியின்றித் தேங்கும்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மழை குறைகிறது. நம் தோட்டங்களில் இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் அது. வானம் நீலமாக இருக்கும், வெயில் சுடும். ஆனால் வடகிழக்குக் காற்று இன்னும் ஓய்ந்திராது. மழையில்லாத காற்று எழுச்சி ஒன்று வந்தாலும் கடல் கொந்தளிக்கும். "மழை முடிந்துவிட்டது, இனி அச்சமில்லை" என்று எண்ணுவோர் இந்த மாதங்களிலேயே கூடுதல் கவனமாயிருத்தல் வேண்டும்.

செரத்திங் கரையில் இப்பருவத்தில் அலைச்சறுக்கு விளையாடுவோர் திரளாகக் கூடுவர். பெரிய அலைகளை நாடியே அவர்கள் வருகின்றனர். அவர்கள் நீரில் இருப்பதைக் கண்டு கடல் பாதுகாப்பானது என்று முடிவு செய்தல் தவறு. அவர்களிடம் மிதக்கும் பலகை உண்டு. நீண்டநாள் பயிற்சி உண்டு. அவர்கள் விரும்பும் அதே அலை நம் குழந்தைக்கு ஆபத்தாகும்.

ரிங்லெட் தரும் பாடம்

கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்து ஆபத்து வரும் என்பதை மலைநாட்டுத் தோழர்கள் நன்கு அறிவர். கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ரிங்லெட்டுக்கு அருகே பெர்த்தாம் ஆறு ஓடுகிறது. அதன் இயற்கை வழி கிழக்கு நோக்கியது. அந்த மலைநீர் ஜெலாய் ஆற்றை அடைகிறது. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடிப் பகாங் ஆறாகிப் பெக்கான் அருகே தென் சீனக் கடலில் கலக்கின்றன. 1963ஆம் ஆண்டு சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், அந்நீரின் பெரும்பகுதி சுரங்க வழியாகப் பேராக் பக்கம் திருப்பப்பட்டு மின்சாரம் எடுக்கப் பயன்படுகிறது.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கனமழையால் நிரம்பிய அந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, உயிர்களும் பறிபோயின. உறங்கிக்கொண்டிருந்தோர் தம் கூரைமேல் பெய்த மழையை மட்டும் கேட்டு, மேலே தேங்கிய நீரின் அளவை அறிந்திருக்க இயலாது. ஆற்றோரத்தில் வாழ்வோர் மேல்மலையின் மழையை விசாரித்தறிய வேண்டும். அதுபோலவே கடற்கரைக்குச் செல்வோர் நடுக்கடலின் காற்றை விசாரித்தறிய வேண்டும்.

கரையோரத்தின் மறைபகை

கரையில் ஏறிய நீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அலைகள் தொடர்ந்து நீரைக் கொண்டுவந்து குவிக்கும்போது, அந்நீர் ஓர் ஒடுங்கிய வழியைத் தேடி ஆறுபோல் வேகமாகக் கடலை நோக்கி ஓடும். இதுவே இழுப்பு நீரோட்டம். மணல்திட்டுகளுக்கு இடையிலும், பாறைகளின் ஓரத்திலும், ஆற்று முகத்துவாரங்களிலும் இது தோன்றும்.

இதன் தோற்றம் ஏமாற்றுவது. இருபுறமும் அலைகள் வெண்ணுரையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகவும் கருமையாகவும் காணப்படும். நுரையும் குப்பையும் அங்கே கடல்நோக்கி மிதந்து செல்லும். அறியாதோர், "அலை இல்லாத இடம்" என்று கருதி அங்கேயே பிள்ளைகளை இறக்கிவிடுவர். உண்மையில் கரையிலேயே மிக ஆபத்தான இடம் அதுதான்.

இந்நீரோட்டத்தில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது. தேர்ந்த நீச்சல்காரரையும் அது வென்றுவிடும். அது மனிதரை நீருக்கடியில் இழுப்பதில்லை. வெளியே கொண்டுசெல்லும், அவ்வளவே. எனவே பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்திலிருந்து விலகிய பின்னரே கரை சேர முயல வேண்டும். நீந்த இயலாதோர் மிதந்தவாறே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

கரையில் நிற்போருக்கும் ஒரு கடமை உண்டு. பாசத்தால் உடனே நீரில் பாய்ந்து, காப்பாற்றச் சென்றவரும் மாண்டுபோகும் துயரம் எல்லா நாடுகளிலும் நிகழ்கிறது. மூடி இறுக்கிய காலிக் கலன், பந்து, கயிறு என மிதக்கும் பொருள் எதையேனும் எறியுங்கள். பாதுகாவலரைக் கூவி அழையுங்கள். 999 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள்.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

மலேசிய வானிலை ஆய்வுத் துறை கடலைப் பற்றி விடுக்கும் அறிவிப்பு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் "அங்ஙின் கென்சாங், லாவுட் பெர்கெலோரா" என்று மலாயில் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் என்பது அதன் பொருள். அதில் மூன்று நிலைகள் உண்டு.

முதல் நிலை: காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. சிறு படகுகளுக்கும் கடல் விளையாட்டுகளுக்கும் ஆபத்து.

இரண்டாம் நிலை: காற்று 50 முதல் 60 கிலோமீட்டர், அலை 4.5 மீட்டர் வரை. மீன்பிடித்தல், படகுப் போக்குவரத்து உள்ளிட்ட கரையோர நடவடிக்கைகள் அனைத்துக்கும் ஆபத்து.

மூன்றாம் நிலை: காற்று 60 கிலோமீட்டருக்கு மேல், அலை 4.5 மீட்டருக்கு மேல். பெரிய கப்பல்களுக்கும் ஆபத்து.

முதல் நிலைதானே என்று அலட்சியம் செய்தல் கூடாது. குளிக்கச் செல்லும் குடும்பத்துக்கு முதல் நிலையே முழுத் தடையாகும்.

தொடர்மழைக்குரிய எச்சரிக்கை தனியாக வரும். அது "வஸ்பாடா", "புரோக்", "பஹாயா" என மூன்று படிகளில் உயரும். முறையே விழிப்பு, கடுமை, அபாயம் எனப் பொருள்படும். பயணச் சாலைகள் வெள்ளத்தில் மூழ்கக்கூடுமா என்பதை அறிய இது உதவும். இவ்விரு செய்திகளையும் அத்துறையின் இணையத்தளத்திலும் கைப்பேசிச் செயலியிலும் காணலாம். வீட்டில் படித்த பிள்ளையிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால், குடும்பம் முழுவதற்கும் பயன் விளையும்.

நாம் செய்யத்தக்கவை

பயணம் அமர்த்துமுன்னும், புறப்படும் நாளின் காலையிலும் கடல் எச்சரிக்கையைக் கேட்டறியுங்கள். எச்சரிக்கை நடப்பில் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். பேருந்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும். அதைப் பிறகு ஈட்டிக்கொள்ளலாம்.

கரையை அடைந்ததும் உடனே நீரில் இறங்காமல், கால்மணி நேரம் நின்று அலைகளைக் கவனியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் நனையவும் இறங்காதீர்கள். சிறுவர்களைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்ளுங்கள். இடி முழங்கினால் நீரையும் திறந்த மணலையும் விட்டு அகன்று கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ செல்லுங்கள்.

இந்த மாதங்களில் கடலைக் காண விரும்புவோர்க்கு மேற்குக் கரை உண்டு. மலாக்கா நீரிணை வடகிழக்குக் காற்றின் நேர்த்தாக்குதலுக்கு உள்ளாவதில்லை. ரிங்லெட்டிலிருந்து தாப்பா வழியாக இறங்கி வருவோர்க்கு லுமுட்டை அடுத்த தெலுக் பாத்திக்கும் பங்கோர்த் தீவும் அண்மையில் உள்ளன. ஆயினும் அங்கும் எச்சரிக்கையைக் கேட்ட பின்னரே நீரில் இறங்க வேண்டும். கிழக்குக் கரையின் அழகைக் காண விழைவோர் ஏப்ரலுக்குப் பின் செல்லலாம்.

தோட்டத்தில் வானத்தைப் பார்த்துக் கத்தியை எடுப்பவர், கடற்கரையில் செய்தியைக் கேட்டுக் காலை எடுத்து வைக்கட்டும். இவ்விதழைப் படித்து முடித்ததும், விடுமுறைப் பயணம் திட்டமிட்டுக்கொண்டிருக்கும் அண்டை வீட்டாருக்கும் இப்பாடத்தை வாசித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.