மூன்றாம் சீலமும் மாணவர் பருவமும்

பஞ்ச சீலத்துள் மூன்றாவது, தவறான காம ஒழுக்கத்தினின்று விலகுதலாம். இதனைப் பிள்ளைகட்கு எங்ஙனம் போதிப்பது? வாயடைப்பது போதனையாகாது. ஐயத்தைத் தீர்ப்பாரில்லாத சிறுவன், கைப்பேசியில் வரும் ஆபாசப் படத்தையே ஆசானாகக் கொள்கிறான்.

புனேயில் பயின்ற ரகுநாத் தோண்டோ கார்வே, 1927 முதல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மராத்தி இதழை நடத்தி, இத்தகைய ஐயங்களுக்கு அறிவியல் வழியில் விடை எழுதினார். அவ்விடைகளே ஆபாசமென வழக்குத் தொடரப்பட்டது. 1934-இல் அவருக்காக வழக்காடியவர் நம் பாபாசாகேப் அம்பேத்கர். பாலறிவு புகட்டும் எழுத்தை ஆபாசமெனல் தகாது என்பதே அவர் வாதம். வழக்குத் தோற்றது; கார்வேயோ 1953-இல் மறையுமளவும் இதழை நிறுத்தவில்லை.

இன்று பள்ளி மனநல ஆலோசகர் ஆற்ற வேண்டுவதும் அப்பணியே: இகழாமல் கேட்டல், மறைக்காமல் விடை கூறல், எந்தத் தனிமையில், எந்தச் சோர்வில் மனம் அப்படங்களை நாடுகிறதென மாணவனே காணச் செய்தல். ராகம் எழுந்த மனத்தை அவ்வாறே அறிந்துகொள்ளுமாறு சதிபட்டான சூத்திரமும் பயிற்றுகிறது. வெட்கத்தால் மறைத்த வேட்கை வளரும்; அறிந்து நோக்கிய வேட்கை தணியும்.

பெற்றோரே, பிடிபட்ட பிள்ளையை அடியாதீர், அருகமர்த்திப் பேசுங்கள். தானே நிறுத்த இயலாது தவிப்பானாயின், ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்லது 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிற்குப் பேசுங்கள். நாணி வாளாவிருத்தல் சீலமன்று. பிள்ளையைக் காத்தலே சீலம்.