இரு திரைகளும் ஒரு முகமும்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது முன்னோர் வாக்கு. இம்மலருக்கான புகைப்படங்களைத் திருத்த அமர்ந்த நாங்கள், இதன் பொருளைக் கணினி அறையில் கற்றோம்.

கணினி ஒன்று, அதனோடு இணைத்த திரைகள் இரண்டு. ஒரு வகுப்புப் படத்தை இடப்பக்கத் திரையில் கண்டபோது முகங்கள் இருண்டிருந்தன. எனவே ஒளியைக் கூட்டினோம். மாதிரி அச்சு வந்தது. முகங்களெல்லாம் சுண்ணாம்பு பூசியவை போல் வெளிறியிருந்தன! தோழி ஒருத்தி, “என் நிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டாள். நாங்கள் வாயடைத்து நின்றோம். பின்னர், திருத்தாத படத்தை வலப்பக்கத் திரைக்கு நகர்த்திப் பார்த்தோம். அங்கே அவள் தன் இயல்பான நிறத்திலேயே இருந்தாள்.

இவ்வேறுபாடு ஏன்? கணினி திரைக்கு அனுப்புவது வண்ணத்தை அன்று, எண்களையே. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 0 முதல் 255 வரை எண்கள் உண்டு. அவ்வெண்ணை எவ்வளவு ஒளியாகக் காட்டுவது என்பது திரையின் அமைப்பையும் வயதையும் பொறுத்தது. ஆகவே எண் ஒன்றாயினும் நிறம் இரண்டாகிறது.

இதற்குத் தீர்வு உண்டு. அளவுகருவி ஒன்றைத் திரையின் மேல் பொருத்தி, அது வண்ணங்களைக் காட்டும் விதத்தை அளந்து, ஒரு கோப்பில் பதிவு செய்யலாம். இக்கோப்புக்குரிய பொது முறையை வகுத்தது 1993இல் தோன்றிய ஐ.சி.சி. என்னும் பன்னாட்டு அமைப்பாகும். ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற மென்பொருள்கள் அக்கோப்பைப் படித்து எண்களைச் சரிசெய்து அனுப்பும். திரை இரண்டெனில் கோப்பும் இரண்டு வேண்டும்.

கருவி இல்லாதோர் கடைப்பிடிக்கத்தக்கவை வருமாறு:

1. திரைகளை அரைமணி நேரம் எரியவிட்டபின் பணியைத் தொடங்குக. வெயில் திரையில் படலாகாது.

2. இரண்டிலும் வண்ண வெப்பநிலையை 6500 கெல்வின் என வைத்து, ஒளி அளவையும் ஒத்திருக்கச் செய்க.

3. மாதிரி அச்சோடு ஒப்பிட்டு, நம்பத்தக்க திரையை நேர் எதிரே வைத்துக்கொள்க. நிறத்தை அதில் மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

4. கருவிப் பலகைகளை மற்றத் திரைக்கு மாற்றுக. கிம்ப் மென்பொருளில் இதற்கு ஒற்றைச் சாளர முறையை நீக்கிவிடலாம். அதே படத்தின் முழுத் தோற்றத்தையும் அங்கே திறந்து வைக்கலாம். பெரிதாக்கிய சிறு பகுதியைத் திருத்தும்போது முழுமை கண்ணை விட்டு அகலாது.

தவறு முழுவதையும் திரையின் மேல் சுமத்திவிட்டால் அது நேர்மையாகாது. வெளுத்தால் அழகு என்ற எண்ணமும் எங்கள் கையை நடத்தியது. இல்லையேல், நாள்தோறும் காணும் தோழியின் முகம் மாறியதை நாங்கள் அறியாமல் இருந்திருப்போமா?

அப்படத்தை மீண்டும் திருத்தி, அவளிடம் காட்டி, அவள் தலையசைத்த பின்னரே அச்சுக்கு அனுப்பினோம். திருத்த வேண்டியது திரையையே அன்றி முகத்தை அன்று. எமக்குப் பின் இப்பணியை ஏற்கும் தங்கையர் இதனை நினைவிற் கொள்வாராக!