அந்தக்கரணமும் ஆலைத்தொழிலும்

உயிர் வேறு; உயிர்க்குக் கருவியாய் நிற்கும் அந்தக்கரணம் வேறு. இது சைவசித்தாந்த நூல்கள் ஒருதலையாகத் துணிந்த பொருள். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என நால்வகைப்படும் அந்தக்கரணங்கள் மாயையிற் றோன்றிய சடப்பொருள்கள். அவை தாமே ஒன்றை அறியமாட்டா. உயிரின் அறிவு விளங்குதற்குத் துணை மாத்திரையாய் நிற்பன. சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் உயிரை அரசனாகவும் இக்கருவிகளை அமைச்சராகவும் வைத்து விளக்குதலைக் கற்றோர் நன்கறிவர்.

இவ்வுண்மையைப் பலகாற் பயின்றோமாயினும், இதனின்றும் பிறக்கும் முடிபொன்றனை நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை. கருவி சடமாயின் அது தேய்தற்குரியது, ஓய்வு வேண்டுவது, அளவிறந்து செலுத்தப்படின் பழுதுறுவது. கண் பழுதுற்றானை ஒழுக்கமிலி என்று எவரும் இகழார். மனம் பழுதுற்றானை மட்டும் பத்தியில்லாதவன், நெஞ்சுரமற்றவன் என்று எளிதில் இகழ்ந்துவிடுகின்றோம். இவ்விகழ்ச்சி உலகியலிற் கொடுமையாதலோடு சித்தாந்தத்திலும் பிழையாதல் ஈண்டு ஆராயப்படும்.

ஆராய்ச்சிக்குரிய களம் நெடுந்தொலைவில் இல்லை. காஞ்சிபுர மாவட்டத்தில், வண்டலூரினின்றும் வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே சேரப்பணஞ்சேரி என்னும் ஊர் உளது. ஏரிநீரால் நெல் விளைந்த இப்பகுதி இன்று திருப்பெரும்பூதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என விரியும் பெரிய ஆலை நிலத்தின் ஒரு கூறாய்விட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டி ஆலை 1998ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010ஆம் ஆண்டிலும் உற்பத்தி தொடங்கின. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களினின்றும், பிற மாநிலங்களினின்றும் இளைஞரும் இளம்பெண்டிரும் வந்து இங்குப் பணிபுரிகின்றனர். கம்பெனிப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ‘ஷிப்டு’ மாறுந்தோறும் ஒருசாரார் உறங்கச் செல்ல, ஒருசாரார் விழித்தெழுந்து புறப்படுகின்றனர்.

இவ்வாலைகள் தந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. உழவு பொய்த்த குடிகட்கு மாதந்தோறும் ஊதியம் கிடைத்தது. தந்தையின் கடன் தீர்ந்ததும், தம்பியின் படிப்பு நிறைவேறியதும், ஒரு பெண் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டதும் சிறுபயன்களல்ல. ஆகவே ஆலையைப் பழித்தல் நம் கருத்தன்று. ஆலையின் வேகம் அந்தக்கரணத்தை யாது செய்கின்றது என்பதே வினா.

தொழிலாளர் ‘லைன்’ என வழங்கும் ஓடுவரிசையின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். பண்டமானது ஒருவர்முன் வந்து, குறித்த சில நொடிகள் நின்று, அடுத்தவர்பாற் செல்லும். அந்நொடிகளுள் அவர் தம் செயலை முடித்தல் வேண்டும். முடித்தவுடன் அதே செயல் மீண்டும் வரும். நீர் பருகவோ சிறுநீர் கழிக்கவோ செல்ல வேண்டுமாயின், மாற்றாள் வந்து நின்றபின்னரே இடம்விட்டுப் பெயரலாம். இம்முறை 1913ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹைலண்டு பார்க் என்னுமிடத்தில் ஹென்றி போர்டு என்பாரது மோட்டார் ஆலையில் உருப்பெற்றது. ஏறக்குறையப் பன்னிரண்டரை மணி பிடித்த கோப்புவேலை பின்னர் 93 நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அவ்வாண்டில் ஊழியர் விலகி மாறியது நூற்றுக்கு 370 என்னும் அளவினதாயிற்று. நிலைத்த நூறு இடங்கட்கு ஓராண்டில் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியதாயிற்று என்பது இதன் பொருள். 1914ஆம் ஆண்டு சனவரியில் நாளொன்றுக்கு எட்டு மணி வேலையும் ஐந்து டாலர் கூலியும் அறிவிக்கப்பட்டன. கூலி அவர்களை நிறுத்திற்று, வேகமோ குறைந்திலது. மெய் தாங்கும் உழைப்பையும் நெஞ்சு தாங்காமல் விலகும் என்பதனை உலகம் அன்றே கண்டது.

இனி, இதனைத் தத்துவ முறையில் நோக்குவோம். ஆணவத்தால் மறைப்புண்ட உயிரின் மூவாற்றலையும் சிறிதே விளக்குதற் பொருட்டுக் கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்கள் அமைந்தன. கலை கிரியையை எழுப்பும். வித்தை ஞானத்தை எழுப்பும். அராகம் இச்சையை எழுப்பும். காலம் நுகர்ச்சியை இறப்பு நிகழ்வு எதிர்வென வரையறுக்கும். நியதி அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு நிறுத்தும். இவ்வைந்தும் கூடிய வழியே உயிர் உலகிற் றொழில்செய்தற்கு உரியதாகின்றது. விரும்பி, அறிந்து, செய்தல் என மூன்றும் இயைந்ததே முழுத்தொழிலாம் என்பது இதனாற் பெறப்படும்.

ஓடுவரிசையில் நிற்பான் ஒருவனிடத்தில் இவ்வியைபு எவ்வாறுளது? அவனது கிரியையே இடையறாது வேண்டப்படுகின்றது. எதனைச் செய்தல், எம்முறையிற் செய்தல், எப்பொழுது நிறுத்தல் என்பனவற்றில் அவனது அறிவுக்கு இடமில்லை. விருப்புக்கு அதனினும் இடமில்லை. இறைவன் வகுத்த காலமும் நியதியும் உயிரின் பக்குவங் கருதியன. ஆலைமுதல்வர் வகுக்கும் நொடிக்கணக்கும் கட்டளையும் பண்டத்தின் எண்ணிக்கை கருதியன. முன்னையவை உயிர்க்கெனக் கருவியை நடத்துவன. பின்னையவை கருவிக்கென உயிரை நடத்துவன. இவ்வேற்றுமையே நோயின் வித்தென்க.

இக்கூற்றுக்கு மேனாட்டார் ஆய்வும் அரண்செய்கின்றது. 1979ஆம் ஆண்டில் இராபர்ட் கராசெக் என்னும் அறிஞர், அமெரிக்க நாட்டினும் சுவீடன் நாட்டினும் திரட்டிய செய்திகளைக் கொண்டு, வேலைச்சுமை ஒன்றே மனத்தை நலிவிப்பதன்று. சுமை மிகுந்து, தன் செயலைத் தானே முடிவுசெய்யும் உரிமை குறைந்தவிடத்து நலிவு மிகும் என நிறுவினார். உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்ற நோய்ப்பகுப்பு நூலில், தொழிலாற் சோர்ந்து வறளுதல் என்பது நோயென்று கொள்ளப்படாது தொழிலிடத்து விளையும் ஒரு நிலையெனக் குறிக்கப்பட்டது. ஆற்றல் வறளுதல், தொழிலின்மேல் வெறுப்பும் விலகலும் தோன்றுதல், செய்திறன் குன்றுதல் என அதற்கு மூன்று இலக்கணம் கூறுவர். நம் வழக்கிற் கூறின், முதலது கிரியையின் தளர்ச்சி. அடுத்தது இச்சையின் கெடுதி. மூன்றாவது இவ்விரண்டின் விளைவு. இது தனியொருவனது குறையன்று, தொழிலிடத்தினின்றும் எழுவதென்று அந்நிறுவனமே வகுத்தமை கருதத்தக்கது.

உறக்கத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். நனவில் முப்பத்தைந்து கருவிகளோடும், கனவில் இருபத்தைந்தோடும், உறக்கத்திற் சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றோடும் உயிர் நிற்குமென அவத்தை இலக்கணம் கூறும். ஆகலின் மனமும் புத்தியும் அகங்காரமும் தம் தொழிலொழிந்து ஓய்வது உறக்கத்தின்கண்ணே என்பது தெளிவு. உறக்கத்தைக் குறைப்பவன் மூன்று அமைச்சர்க்கும் ஓய்வின்றி அரசு நடத்துபவனாவான். இரவுப்பணி வாரந்தோறும் மாறி வரும்பொழுது, பகலிற் படுத்தும் உறக்கம் முற்றாது. உடலினுள்ளே இரவுபகலை அளக்கும் இயற்கைக் கடிகை ஒன்றுண்டு. அதன் இயக்கத்தை விளக்கிய அமெரிக்க அறிஞர் மூவர் 2017ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர். வாரத்திற்கு 55 மணிக்கு மேல் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரினும் மூளையடைப்பு நோயின் அச்சம் நூற்றுக்கு 35 பங்கும், மாரடைப்பால் இறக்கும் அச்சம் 17 பங்கும் மிகுமென 2021ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனமும் உலகத் தொழிலாளர் நிறுவனமும் கூட்டாக அறிவித்தன.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணியென வரம்பு கட்டியது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலைகொள்ள இடந்தரும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பெழவே, மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

வேலைநேரத்தோடு துன்பம் முடிவதில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் திருப்பெரும்பூதூரை அடுத்த விடுதியொன்றில் உணவு நஞ்சானமையாற் பெண்டொழிலாளர் பலர் நோயுற, அவர்தம் தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்து நியாயங் கேட்டனர். அதன் பின்னர் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டமை நன்று. எனினும், நாளை வேலை உண்டோ இல்லையோ என்னும் ஐயம் கட்டடத்தால் நீங்குவதன்று. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டபொழுது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தமையை அவ்வட்டாரம் மறந்திலது. கான்ட்ராக்ட் முறையில் நிற்போர்க்கு அவ்வையம் நாடோறும் உடனுறைவதாம்.

ஈண்டு ஒருசாரார் தடை நிகழ்த்துவர். “இவையெல்லாம் பிராரத்த வினையின் பயனன்றோ? நுகர்ந்தன்றித் தீராததனை மாற்ற முயல்வது நியதிக்கு மாறன்றோ?” என்பர். அற்றன்று. வினைப்பயன் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூவழியான் வருமென நூல்கள் கூறுமேயன்றி, வரும் வழியாய் நின்று பிறரை வருத்துவார்க்குப் பழியில்லையெனக் கூறா. வருத்துவார்க்கு அஃது ஆகாமியமாய் ஏறும். அன்றியும், பிறர் துன்பத்தை நீக்குதல் நியதிக்கு மாறாமெனின், பசித்தார்க்கு அன்னம் பாலித்தலும், வழியிற் றண்ணீர்ப் பந்தர் வைத்தலும், நோயாளிக்கு மருந்தளித்தலும் மாறாதல் வேண்டும். நம் திருமடங்கள் வழிவழியாக அன்னம் பாலித்து வருவன. பசியை வினையென்று விட்டுவிடாத நாம் மனநோயை மட்டும் வினையென்று விட்டுவிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

மற்றொரு சாரார், “நம் முன்னோர் விடியற்காலை முதல் அந்திவரை வயலில் உழைத்திலரோ? அவர்க்கு இந்நோய் இருந்ததோ?” என்பர். அவ்வுழைப்புக்குப் பருவமிருந்தது, அறுவடைக்குப்பின் ஓய்விருந்தது, நடவிற் பாட்டிருந்தது, உச்சிப்பொழுதில் மரநிழலிருந்தது. இவை உண்மையே. ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமென்றல் தகாது. பண்ணையடிமையாய்க் கிடந்தார் உள்ளத்தை அன்று எவர் அளந்தார்? அளவாமை நோயின்மைக்குச் சான்றாகாது.

வேறொருவர், “நேச நாயனார் மனத்தை இறைவன் றிருவடிக்கும், நாவினைத் திருவைந்தெழுத்துக்கும், கையை நெசவுக்கும் ஆக்கினாரே, ஆலைத்தொழிலாளரும் அங்ஙனம் செய்யலாமே” என வினாவக்கூடும். செய்யவல்லார் செய்க, அஃது அவர்க்குப் பெருந்துணையாம். ஆயினும் நாயனாரது தறி அவர் கையின் வேகத்தில் ஓடியது. அவர் நெய்த ஆடை அடியார்க்காக அவரே விரும்பி அளித்தது. இச்சையும் ஞானமும் கிரியையும் ஒருமுகமாய் நின்றமையின் அத்தொழில் சிவபுண்ணியமாயிற்று. நொடி தவறினாற் கடிந்துரை கேட்பானது மனம் கண்ணோடும் கையோடும் கட்டுண்டு கிடக்கும். அதனை அவிழ்க்காது அவன் செபிக்கவில்லையே எனக் குறைகூறுதல் முறையன்று.

இவ்வட்டாரத்துக் குன்றத்தூரிற் றோன்றிய சேக்கிழார் பெருமான் காஞ்சி நகரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றை அருளிச்செய்தார். அஃது ஒரு தொழிலாளர் வரலாறு. குறித்த பொழுதுக்குள் முடிக்கவேண்டிய வேலையின் வரலாறுமாம். அடியவர் ஒருவரது கந்தையை ஒலித்துப் பொழுது சாயுமுன் தருவதாக நாயனார் ஏற்றார். பெருமழை பிடித்து ஓயாது பெய்தது, துணி உலரவில்லை, பொழுதும் சாய்ந்தது. மழை பெய்தது நாயனார் குற்றமன்று. எனினும் அப்பிழை முழுவதையும் தம்மேல் ஏற்றிக்கொண்டு, தாம் துணி தப்பும் கற்பாறையிற் றம் தலையை மோதத் துணிந்தார். அப்பொழுது இறைவன் யாது செய்தான்? தவணை தவறியதேன் என வினவினானல்லன். அப்பாறையினின்றும் கைநீட்டி அவரைப் பிடித்துத் தடுத்தாட்கொண்டான்.

தம்மால் விளையாத தாழ்வைத் தம் குற்றமென்றெண்ணி உள்ளே நைந்து கிடப்போர் இன்று ஆலைகளிலும் விடுதிகளிலும் பலராவர். அவர்க்கு முதற்கண் வேண்டுவது உபதேசமன்று. பிடிக்கும் கையே வேண்டுவது. திருவருள் அடியார் வாயிலாகவே பெரும்பாலும் தொழிற்படும் என்று கொள்ளும் நமக்கு, அக்கையாய் நிற்றல் கடனாகின்றது.

அக்கடன் யாங்ஙனம் ஆற்றத்தகும்? மனநலிவுற்று வருவாரைப் பேய்பிடித்தாரெனவும் பத்தியிலாரெனவும் கூறுதலை நம் அவைகளினின்றும் ஒழித்தல் வேண்டும். அவரை மருத்துவர்பால் அனுப்புதல் வேண்டும். திருநீறு அளிப்பதும் மருத்துவத்தை நாடச்சொல்வதும் ஒன்றற்கொன்று மாறல்ல. 14416 என்னும் எண்ணில் அரசினரது ‘டெலி மானஸ்’ உதவி 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைப்பதனைத் திருக்கோயில் வாயில்களில் எழுதிவைத்தல் எளிது. இரவுப்பணி முடிந்து காலையிற் றிரும்புவார்க்கும் ஏற்ற பொழுதில் வழிபாடும் விரிவுரையும் அமைத்தல் தகும். ஆலைகளை நடத்தும் சைவ அன்பர்க்கு, உறக்கத்தையும் ஓய்வையும் குறைத்துப் பெறும் ஊதியம் ஆகாமியத்தோடு கூடியதென்பதை அஞ்சாது எடுத்துரைத்தல் வேண்டும். இவற்றோடு, நம் திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் மடைப்பள்ளியிலும் நந்தவனத்திலும் பணிபுரிவோர்க்கு வாரம் ஒருநாள் ஓய்வும் போதிய உறக்கமும் உளவோ என்று நாமே ஆராய்தல் வேண்டும். நம் வாயிலில் நிகழாததனை ஒரகடத்து ஆலையின் வாயிலிற் சென்று வேண்டுதல் பயன்றராது.

கருவி ஓய்ந்து தெளிந்தாலன்றி அரசனாகிய உயிர் தன் தலைவனை நோக்குதற்கு வழியில்லை. ஆகலின் தொழிலாளரது ஓய்வு அவர்தம் உடற்பொருட்டு மட்டுமன்று, உயிர்ப்பொருட்டுமாம் என்று தெளிந்து நடப்போமாக.

திருச்சிற்றம்பலம்.