ஐப்பசி அடைமழைக்கு முன்: ரெட்டிபாளையம் வட்டாரத்தாருக்குப் போக்குவரத்து ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை ஐப்பசித் தொடக்கத்தை ஒட்டி வந்து மார்கழி வரையில் நீடிப்பது நம் பிரதேசத்தின் வழக்கமாதலால், அபாய காலத்தில் ஜனங்களை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு எவ்விதம் கொண்டுசேர்ப்பது என்பதை மழை பிடித்த பிறகு யோசிப்பதற்கு அவகாசம் இராது. ஊராட்சியாரும், லாரி உரிமையாளர்களும், பள்ளி நிர்வாகத்தாரும், வீட்டில் நோயாளியையோ முதியவரையோ வைத்திருக்கும் குடும்பத்தாரும் இந்த வாரத்திலேயே செய்து முடிக்கவேண்டிய காரியங்கள் சில உண்டு.

வாகனத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் ரெட்டிபாளையம். அல்ட்ராடெக் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் டிப்பர்களும், சிமெண்ட் கொண்டுசெல்லும் பல்கர்களும், தொழிலாளரை ஏற்றிவரும் வேன்களும் இரவும் பகலும் ஓடும் இவ்வட்டாரத்தில், வெள்ளம் வந்தால் வண்டிக்கா குறை என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் வண்டிகள் ஏராளமாய் இருப்பது வேறு. வேண்டிய நாழிகையில், வேண்டிய இடத்தில், டீசலும் ஓட்டுநருமாக ஒரு வண்டி வந்து நிற்பது வேறு. அதைக் காட்டிலும் முக்கியமானதும், நாம் அநேகமாய் மறந்துவிடுவதும் ஒன்று உண்டு: ஓடவேண்டாத வண்டியை நிறுத்துவதற்கு முன்கூட்டியே ஓர் ஆள் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கு வெளியூர் உதாரணம் தேடவேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைக் கடந்து கல்லகத்தை நோக்கிச் செல்கையில், அடைமழையால் பெருகிய மருதையாற்றின் வெள்ளம் பாலத்தைச் சிதைத்துவிட்டிருந்தபடியால், என்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் மகபூப்நகரில் நேர்ந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜினாமாச் செய்ய முன்வந்து நேருவால் தடுக்கப்பட்டிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பின் பதவியை விட்டே விலகினார். அந்த ராஜினாமாவை நாடு இன்றும் பாராட்டுகிறது, பாராட்டுக்குரியதே. ஆனால் நம் ஊரார் அச்சம்பவத்தில் நினைவில் வைக்கவேண்டியது அதுவன்று. ஆற்றின் நிலையை அறிந்த ஒருவர் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு அன்றிரவு அவ்விடத்தில் இல்லாமற் போயிற்று என்பதையே.

எட்டாண்டுகள் கழித்து, 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட தனுஷ்கோடி பாசஞ்சர் புயலுக்குள் சென்று, ஊரை எட்டும் தறுவாயில் கடலலையால் வாரிக்கொண்டு போகப்பட்டது. இவ்விரண்டுக்கும் மாறாக நடந்தது 2023 டிசம்பர் 17ஆம் தேதி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. நிலையத்தைத் தாண்டி, செய்துங்கநல்லூர் செல்லும் வழியில், தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. சுமார் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். எஞ்சியோர் வெள்ளம் சூழ்ந்த நிலையத்திலேயே இரண்டு நாள் போலத் தவிக்க நேர்ந்தது. நிறுத்தியதால் உயிர்கள் பிழைத்தன. நிறுத்தியபின் உணவும் நீரும் இடமும் முன்னரே குறித்து வைக்கப்பட்டிருந்தால் தவிப்பும் குறைந்திருக்கும். வண்டியை நிறுத்தும் இடத்தைத் தீர்மானிக்கும்போதே, இறங்கியவர்கள் போய்த் தங்கும் கூரையையும் தீர்மானித்துவிட வேண்டும்.

ஆகவே முதற்காரியமாக, உங்கள் ஊரிலிருந்து வி.கைகாட்டிக்கும் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் போகும் ஒவ்வொரு சாலையிலும் மழைநீர் குறுக்கிட்டு ஓடும் ஓடைகளையும் தரைப்பாலங்களையும் ஊராட்சி மன்றத்தார் நேரிற் பார்த்துக் குறித்துக்கொள்க. ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் இருவரை நியமித்து, அவர்கள் கையில் ஒரு கயிறும், சிவப்பு விளக்கும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் இருக்கச் செய்க. பாலத்தருகே ஒரு கல்லை நட்டு, சாலை மட்டத்துக்கு மேல் அரையடி, ஓரடி, இரண்டடி என்று மூன்று வர்ணக் கோடுகள் போட்டுவைத்தால், பார்வைக்கு அளவு தெரியாத இரவிலும் தர்க்கத்துக்கு இடமிராது. ஓடுகிற நீர் அரையடி இருந்தாலே நடப்பவர் கால் நிலைகொள்ளாது. ஓரடியில் சிறு கார் மிதக்கத் தொடங்கும். இரண்டடியில் பெரிய வண்டிகளும் இழுபடும். இத்தனை வருஷமாய் இந்தப் பாலத்தில் ஓட்டுகிறேன் என்று சொல்லும் ஓட்டுநருக்கு அந்தக் கோடுதான் விடை. வண்டிகளைத் தடுக்கும் அதிகாரம் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 34ஆம் பிரிவின்படி மாவட்ட நிர்வாகத்துக்கு உரியது; ஊரார் செய்யக்கூடியது எச்சரிப்பதும், உடனே காவல் நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவிப்பதுமே. ஆதலின் அவர்களுடன் இப்போதே பேசி, இரவில் யாரை எழுப்புவது என்பதை நிச்சயம் செய்துகொள்ளுங்கள்.

இவ்வட்டாரத்துக்கே உரிய மற்றொரு அபாயம், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகள். மழைக்காலத்தில் அவை நிரம்பி, கரையும் சாலையும் ஒரே மட்டமாய்த் தோன்றும். மின்சாரம் போன இரவில் குறுக்குவழி தேடும் ஓட்டுநருக்கு அவை கண்ணுக்கே புலப்படா. குழிகளை ஒட்டிய மண்பாதைகளைப் பருவமழை முடியும்வரை அடைத்துவிடுவதும், வண்டிகள் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாதென்று ஓட்டுநர்களுக்குக் கண்டிப்பாய்ச் சொல்லிவைப்பதும் அவசியம். கரிசல் ஈரத்தில் புதைந்த டிப்பரை இழுக்கப் பொக்லைன் வேண்டும். அந்தப் பொக்லைன் வேறொரு கரையை அடைக்கவேண்டிய நேரமாக அது இருக்கும்.

நம்மைச் சூழ்ந்த ஆறுகளின் சுபாவம் ஒன்றுக்கொன்று வேறு. மாவட்டத்தின் தென்னெல்லையில் ஓடும் கொள்ளிடம் பெரும்பாலும் முன்னறிவிப்புடன் வருவது. மேட்டூரில் நீர் திறந்துவிடப்படுகையிலேயே வருவாய்த்துறையின் எச்சரிக்கை வந்துவிடும். முக்கொம்பைக் கடந்து திருமழபாடிக்கும் திருமானூருக்கும் வெள்ளம் வருமுன் ஆட்களையும் மாடுகளையும் மேட்டுக்கு ஏற்ற நேரம் கிடைக்கும். கிடைத்தும் அலட்சியமாயிருக்க முடியாது என்பதற்கு, 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் கொள்ளிடத்து வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது சாட்சி. மருதையாறோ அவ்விதமன்று. பச்சைமலைப் பக்கம் ஒரே இரவில் கொட்டித் தீர்த்தால் விடியுமுன் கீழே பெருகிவிடும். அணைத்திறப்புச் செய்தியை எதிர்பார்த்திருப்பதில் பயனில்லை. கொள்ளிடத்துக்கு அறிவிப்பைக் கேட்டும், மருதையாற்றுக்கும் ஏரிகளுக்கும் மழையளவைப் பார்த்தும் புறப்பட வேண்டும். வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். அது வந்த மாத்திரத்தில், தண்ணீர் கண்ணில் படாவிடினும், தாழ்ந்த இடத்துக் குடிசைகளிலுள்ளோரையும் ஏரிக்கரையின் கீழ் வசிப்போரையும் ஏற்றிவிடுங்கள்.

ரெட்டிபாளையம் மேட்டுப்பாங்கான ஊராதலால், கொள்ளிடக் கரையிலிருந்து வருவோருக்குப் புகலிடமாகவும், அவ்விடத்துக்கு வண்டி அனுப்பும் ஊராகவும் இருக்க வேண்டியது அதன் கடமை. அனுப்பும் வண்டியைப் பொறுக்கி அனுப்புங்கள். டிப்பரின் தளம் ஏறக்குறைய மார்பளவு உயரம். எழுபது வயதுக் கிழவி அதில் ஏறுவதற்கு நாலு பேர் தூக்கவேண்டும். ஏறினாலும் பிடித்துக்கொள்ள ஒன்றுமிராது, மழையில் சுண்ணாம்புத் தூள் குழைந்து தளம் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். மனிதருக்குப் பேருந்தும் மினி பஸ்ஸும் பள்ளி வேனும், அரிசி மூட்டைக்கும் மணல் மூட்டைக்கும் டிப்பர், ஆடுமாடுகளுக்குக் குட்டியானை. மாடுகளுக்கென்று தனி வண்டி ஒதுக்காத ஏற்பாடு பாதி ஏற்பாடே. கறவையைக் கட்டிப்போட்டுவிட்டு வா என்றால் நம் ஜனங்கள் வரமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்வதும் நியாயமன்று. வேறு வழியின்றி டிப்பரில் ஆளேற்ற நேர்ந்தால், கழுவித் துடைத்து, சாக்கு விரித்து, பின்கதவைக் கொக்கியோடு சங்கிலியும் போட்டு, ஏறுவதற்கு ஒரு பெஞ்சு வைத்து, தளத்தைத் தூக்கும் லீவரை யாரும் தொடாவண்ணம் ஓட்டுநரின் பக்கத்தில் ஒருவரை அமர்த்துங்கள்.

பள்ளி வேன்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் பள்ளி ஷெட்டுக்குப் போய்விடும். சாவி காவலாளியின் அறையில் ஆணியில் தொங்கும். ஓட்டுநர் பைக்கில் தம் ஊருக்குப் போயிருப்பார். இரவு பதினொரு மணிக்கு வேன் வேண்டுமென்றால், எங்கிருக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்த வண்டியை எவராலும் எடுக்க முடியாது. எச்சரிக்கை நாட்களில் இரண்டு வேன்கள், ஓட்டுநர்கள் குடியிருக்கும் தெருவிலேயே நிறுத்தப்படும்படி பள்ளி நிர்வாகத்தாரிடம் இப்போதே எழுத்து மூலம் சம்மதம் பெற்றுவிடுங்கள். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடலாகாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இல்லாத பங்கில் டீசல் பிடிக்க முடியாது. வைப்பர், பிரேக், ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றை வெயில் இருக்கும் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.

ஏறவேண்டியவர்களின் பட்டியல் இன்னும் நுட்பமானது. பிரசவம் நெருங்கியவர்களின் பெயர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமும், படுக்கையாய்க் கிடப்போரின் விவரம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பணியாளரிடமும் இருக்கும். பிரசவ தேதி இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்களையும், டயாலிசிஸ் செய்துகொள்வோரையும் ஆரஞ்சு எச்சரிக்கையிலேயே அரியலூரில் உறவினர் வீட்டிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அருகிலோ தங்கவைப்பது உத்தமம். வெள்ளத்தில் 108 வண்டியும் மற்ற வண்டிகளைப்போல் தரைப்பாலத்தில் நின்றுவிடும். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர் நம் ரேஷன் அட்டைப் பட்டியலிலோ வாக்காளர் பட்டியலிலோ இரார். ஒலிபெருக்கியில் நாம் தமிழில் சொல்வது அவர்களுக்கு விளங்காது. கொட்டகைகளில் தங்கியிருக்கும் தொகையை ஒப்பந்ததாரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, இந்தி தெரிந்த ஒருவரை அறிவிப்புக்கு ஏற்பாடு செய்க. ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் பெயரெழுதுவதை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

புறப்படும் நேரம் பற்றிச் சிலர் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் நள்ளிரவை ஒட்டிக் கரையைக் கடந்தது 25ஆம் தேதி. ஆனால் ஏழு மாவட்டங்களில் பேருந்துகள் நிறுத்தப்பட்டது 24ஆம் தேதி பிற்பகல் 1 மணிக்கே. ஒன்றரை நாள் முன்னதாகவே நிறுத்தியது சரியான தீர்மானம். ஓட்டுநரும் நடத்துநரும் தத்தம் வீடு சேரவேண்டியவர்கள். ஆகையால் டெப்போவிலிருந்து நிறுத்தும் நேரத்தை விசாரித்து, அதற்குப் பல மணி முன்பாக, பகல் வெளிச்சத்தில், முதல் டிரிப்பை முடிப்பதாகத் திட்டமிடுங்கள். 2019 மே மாதம் ஃபானி புயலுக்கு முன் ஒடிசாவில் சுமார் 12 லட்சம் பேரை இடம்பெயர்த்தது கடைசி நேரத்துச் சாகசத்தால் சாத்தியமானதன்று. 1999ஆம் ஆண்டுப் புயலில் ஏறக்குறைய பதினாயிரம் உயிர்களை இழந்த அம்மாநிலம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் புகலிடங்களைக் கட்டியும் ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கியும் வந்தது.

கொள்ளிடத்தைத் தாண்டவேண்டியவர்கள் திருமானூர்ப் பாலத்தையோ மதனத்தூர்–நீலத்தநல்லூர்ப் பாலத்தையோ கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 1836ஆம் ஆண்டைச் சேர்ந்த கீழணையின் மேல் செல்லும் பழைய வழியில் பாரவண்டிகளை விடுவதாகத் திட்டம் போடாதீர்கள். வெள்ளம் உச்சத்திலிருக்கையில் தென்கரைக்குப் போகாமல் வடகரையிலேயே தங்குவது நன்று.

நீர் வடிந்தபின் ஊர் திரும்பும் பயணத்தில் பொறுமை வேண்டும். மேலே தார் ஒழுங்காய்த் தெரிந்தாலும் அடியில் மண் அரித்திருக்கக்கூடும். நெடுஞ்சாலைத்துறையார் பார்த்துச் சொல்லும்வரை முதல் வண்டியாக ஆளேற்றிய வண்டியை அனுப்பாமல் காலி வண்டியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மாவட்ட நிர்வாகம் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தால், அது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி. அதற்குரிய ஈட்டுத்தொகை 66ஆம் பிரிவின்படி. வாய்மொழியாய்க் கேட்டார்கள், கொடுத்தேன் என்று பிற்பாடு அலுவலகத்துக்கு நடப்பதில் பயனில்லை. உத்தரவின் நகல், வண்டி எண், புறப்பட்ட நேரம், ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல் ஆகியவற்றை டிரிப் ஷீட்டில் எழுதி, அன்றன்றே கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்க.