பழைய வீட்டு வயரிங்: எதை முதலில் மாற்றுவது?

(இரண்டாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுப் பொறியியல், பாப்பாரப்பட்டி)



லேபில் மரப்பலகைமேல் மாடிப்படி விளக்குக்கு வயரிங் போட்டுக் காட்டி நாம் எல்லோரும் மார்க் வாங்கியிருக்கிறோம். பலகை காலி, வயர் புதுசு, எர்த் கைக்கு எட்டுகிற தூரத்தில். ஆனால் லீவில் ஊருக்குப் போனால் நம்மில் பாதிப் பேர் படுத்துத் தூங்குவது முப்பது, நாற்பது வருடத்து வயரிங்குக்குக் கீழே. முழுசாக மாற்றக் காசு இல்லாத வீட்டில் எதை முதலில் மாற்றுவது என்று எந்த நோட்ஸிலும் நான் பார்க்கவில்லை. போன மே மாத லீவில் எங்கள் வீட்டில் அந்த வேலை நடந்தது. செய்தவர் சான்றிதழ் உள்ள வயர்மேன், எனக்கு மாமா முறை. நான் கூடமாட ஒத்தாசை. டிப்ளமோ படிக்கிறோம் என்பதற்காக நாமே மெயினில் கை வைக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் ஊரைச் சுப்பிரமணிய சிவா 1925-ல் மறைந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். நாங்கள் இருப்பது மண் சுவரும் நாட்டு ஓடும் உள்ள வீடு. தாத்தா காலத்தில் கரண்ட் வந்தபோது குண்டு பல்பு இரண்டு, அவ்வளவுதான். தேக்குக் கட்டையைச் சுவரில் அறைந்து, அதன்மேல் தகரக் கிளிப்பில் ரப்பர் உறை வயரை ஓட்டியிருந்தார்கள். பிறகு 2006-ல் தொடங்கிய திட்டத்தில் இலவச வண்ண டிவி வந்தது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் விலையில்லா மிக்சி, ஃபேன் எல்லாம் வந்தன. அப்புறம் அயர்ன் பாக்ஸ், இன்டக்ஷன் அடுப்பு. தமிழ்நாட்டில் எத்தனையோ ஓட்டு வீடுகளின் கதை இதுதான். பொருள் ஒவ்வொன்றாக வந்தது, வயர் மட்டும் அதே வயர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்டக்ஷன் அடுப்பு 1800 வாட், 230 வோல்ட்டில் 7.8 ஆம்பியர். மிக்சி 550 வாட் என்றால் 2.4. அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் 4.3. மூன்றும் சேர்ந்தால் பதினாலரை. இவ்வளவும் போவது பழைய 1/18 வயரில். அதாவது 18 கேஜ் ஒற்றைக் கம்பி, விட்டம் 1.2 மி.மீ. பத்துப் பதினோரு ஆம்பியருக்கு மேல் அதை நம்ப முடியாது.

பியூஸ் இருக்கிறதே என்பீர்கள். மாமா கிட்காட்டை உருவினார். உள்ளே பியூஸ் கம்பிக்குப் பதில் வயரிலிருந்து பிரித்த செம்பு இழை ஒன்று, 22 கேஜ். எந்தக் காலத்தில் யார் போட்டதோ. பிரீஸ் சூத்திரப்படி, செம்புக் கம்பி உருகும் கரண்ட் விட்டத்தின் (மி.மீ.) ஒன்றரை அடுக்கை 80-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 22 கேஜுக்கு விட்டம் 0.71. விடை ஏறக்குறைய 48 ஆம்பியர்! அது உருகுவதற்குள் சுவரில் இருக்கும் வயர் வெந்து, தேக்குக் கட்டையும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து மெகர். 500 வோல்ட் மெகரில் 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும் என்றது 1956-ஆம் வருடத்து இந்திய மின்சார விதிகள். 2010-ல் அந்த விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. இருந்தாலும் வயர்மேன்கள் மனசில் நிற்பது அந்த ஒரு மெகா ஓம்தான். எங்கள் சமையல்கட்டு லைன் காட்டியது 0.2. வயரைக் கொஞ்சம் வளைத்ததும் ரப்பர் காய்ந்த முறுக்கு மாதிரி உதிர்ந்தது. இன்னொன்று, சமையல்கட்டு விளக்கின் சுவிட்ச் நியூட்ரலில் இருந்தது. சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் பேஸ் அப்படியே நிற்கும். பழைய வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயமாக இருந்தது கிரைண்டர், பழசாக வாங்கியது. அம்மா எப்போதும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் மாவு ஆட்டுவாங்க. "இல்லேன்னா சுர்ருங்குதுடா" என்று சாதாரணமாகச் சொல்வாங்க. சாக்கெட் என்னமோ மூணு பின்தான். மாமா டெஸ்ட் லாம்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் பிடித்தார், பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த் பின்னுக்கும் பிடித்தார், ஒன்றுமே இல்லை. கழற்றிப் பார்த்தால் அந்தப் பின்னுக்கு வயரே வரவில்லை.

முழு வீட்டுக்கும் மாமா சொன்ன எஸ்டிமேட் முப்பத்தைந்தாயிரம். கையில் இருந்தது பதினான்கு. ஆவணியில் அக்கா கல்யாணம் வேறு. முன் அறையில் புது வயர், புது சுவிட்ச் போர்டு, டியூப் லைட் என்பது அப்பாவின் கணக்கு. நான் எர்த் குழியிலிருந்து ஆரம்பிக்கணும் என்றேன். "மண்ணுக்குள்ள பொதைக்கிறதுக்கு இவ்ளோ காசாடா? கல்யாணத்துக்கு வர்றவங்க சுவரப் பாப்பாங்க, குழிய யாரு பாப்பா?" என்றார். படிக்காதவர் என்றாலும் அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு நான் நோட்டில் கணக்குப் போட்டுத்தான் பதில் சொன்னேன்.

நம்ம பக்கத்து மண் பாறை மண், கோடையில் காய்ந்து கிடக்கும். அங்கே பைப் எர்த் போட்டு 20 ஓம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் பாடியில் பேஸ் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க, 11.5 ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு விழவே விழாது. பாடி பேஸாகவே நிற்கும். ஆகவே எர்த் மட்டும் போட்டால் போதாது, கூடவே ஆர்சிசிபி வேண்டும். பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அறுத்துவிடும். 11 ஆம்பியர் எங்கே, 30 மில்லி ஆம்பியர் எங்கே!

இதில் இன்னொரு லாபம், வயர் மாற்றாத அறைகளையும் அது காக்கும். எர்த் இல்லாத அறையில் ஆள் தொட்ட பிறகுதான் விழும், எர்த் இருந்தால் தொடுவதற்கு முன்பே விழும். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் மட்டும் அதுக்குத் தெரியாது. அது ஆளை பல்பு என்று நினைத்துக்கொள்ளும். ஓவர்லோடுக்கும் அது விழாது, எம்சிபி தனியாக வேண்டும்.

சமையல்கட்டுக்கு மட்டும் ஆர்சிசிபி போடலாமா என்று பார்த்தோம். பழைய லைனில் இரண்டு அறைக்கும் நியூட்ரல் ஒன்றாகவே ஓடியது. ஓர் அறையின் கரண்ட் இன்னொரு அறையின் நியூட்ரலில் திரும்பினால் ஆர்சிசிபி சும்மா சும்மா விழும். அதனால் மெயினிலேயே மொத்த வீட்டுக்கும் ஒன்று போட்டோம். மீட்டர், சீல் எல்லாம் மின்வாரியத்துடையது, அதைத் தொடவில்லை.

அப்பா அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒங்கம்மா செருப்பில்லாம மாவாட்டலாம்ங்கிற?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவரே குழி தோண்டினார்.

குழி சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குளியல் தண்ணீர் ஓடும் பக்கம் என்றால் ஈரம் காயாது. பைப் இரண்டரை மீட்டர், 40 மி.மீ. ஜி.ஐ. பாறை தட்டியது. பைப்பை வெட்டிக் குட்டையாக்காமல் சாய்த்து இறக்கினோம். செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. சுற்றிலும் கரியும் உப்பும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது தங்கச்சி வேலை.

மண் சுவரில் காடி வெட்டினால் சுவர் தாங்காது. ஆகவே சமையல்கட்டில் மேலோட்டமாக பிவிசி பைப், கிளாம்ப். அடுப்பு, கிரைண்டர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் எம்சிபி. விளக்குக்கு 1.5. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். முடித்த பிறகு மாமா அதே டெஸ்ட் லாம்பை பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார். பல்பு எரிவதற்குள் ஆர்சிசிபி டப்பென்று விழுந்தது. அதன் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கிறோம்.

முன் அறையில் தேக்குக் கட்டை வயர் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குத் தனியாக 6 ஆம்பியர் எம்சிபி போட்டு, அங்கே இருந்த சாக்கெட்டைக் கழற்றி மூடிவிட்டோம். டிவி இப்போது சமையல்கட்டு வாசல் ஓரம். கல்யாணத்துக்கு முன் அறைச் சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். அந்த லைனைத் தை மாதம் அறுவடைக் காசு வந்ததும் மாற்றுவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.