கடலோரச் சிற்றூரில் இரைச்சலைக் கட்டுப்படுத்தும் வழிமுறை

தமிழகக் கடற்கரையில் மீனவர் ஊர்களின் இரவு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குக் கடலில் இறங்க வேண்டியிருப்பதால் எட்டு மணிக்கே படுத்துவிடுகிறார்கள். காலையில் கரை பிடித்து, ஏலம் முடித்து, வலையைச் சீர்செய்த பிறகு மதியத்தில் மறுபடியும் உறங்குகிறார்கள். சட்டம் இரவு என்று வரையறுப்பது 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான நேரத்தை. இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் விழும் மணிகளில்தான் கடலோர ஊர்களின் இரைச்சல் தகராறுகள் பெரும்பாலும் எழுகின்றன. சட்டத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதன் மேல் ஊர் தன் நேரத்துக்கு ஏற்ற கட்டுப்பாட்டை எழுதிக்கொள்ளும் முறை கீழே படிப்படியாகத் தரப்படுகிறது.

1. ஊரின் உறக்க நேரத்தைக் குறித்தல்

முதலில் ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். எந்த வகைப் படகு எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எந்தக் கிழமையில் யாரும் கடலுக்குப் போவதில்லை, பள்ளித் தேர்வுகள் எந்த மாதத்தில் வருகின்றன என்பவை அதில் இடம்பெற வேண்டும். கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறும், இஸ்லாமிய ஊர்களில் வெள்ளியும் பொதுவாகத் தொழில் இல்லாத நாட்கள். ராமேசுவரம் போன்ற இடங்களில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கிழமை மாறி வரும். இந்த அட்டவணை கையில் இருந்தால், கலை நிகழ்ச்சியையும் திருமண வரவேற்பையும் ஓய்வு நாளுக்கு முந்தைய இரவுக்குத் தள்ளிவைக்கலாம். பாதிப் புகார்கள் இதிலேயே குறைந்துவிடும்.

2. சத்தங்களை வகை பிரித்தல்

எல்லாச் சத்தத்தையும் ஒரே கட்டுக்குள் அடக்க முயன்றால் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது. நான்கு வகையாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஏற்றது.

தொழில் சத்தம்: படகு எஞ்சின், ஐஸ் உடைக்கும் இயந்திரம், ஏலம், மீன் ஏற்றும் லாரி.

விழாச் சத்தம்: கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, திருமணம், துக்க வீடு, அரசியல் கூட்டம்.

சுற்றுலாச் சத்தம்: விடுதிகளின் டிஜே, கடற்கரைக் கொண்டாட்டம், ஏர் ஹாரன் அடித்து வரும் வண்டிகள்.

எச்சரிக்கைச் சத்தம்: புயல், பேரலை அறிவிப்பு, கடலில் காணாமல் போனவரைத் தேடும் அழைப்பு.

கடைசி வகைக்கு எந்த நேரக் கட்டுப்பாடும் கூடாது. பொது அவசர நிலையில் இரவிலும் ஒலிபெருக்கி பயன்படுத்தச் சட்டமே இடமளிக்கிறது. அதனால் எச்சரிக்கைக்கான ஒலிபெருக்கியைப் பாட்டுப் போட யாருக்கும் தரக்கூடாது என்று முதலிலேயே முடிவெடுப்பது நல்லது. தினமும் சினிமாப் பாட்டு கேட்கும் குழாயில் ஒருநாள் புயல் அறிவிப்பு வந்தால் ஊர் காது கொடுக்காது.

3. அளந்து பார்த்தல்

கைபேசிச் செயலிகள் தோராயமான அளவைக் காட்டும். பேச்சுவார்த்தைக்கு அது போதும். புகாருக்குத் தரச்சான்று பெற்ற ஒலிமானியின் அளவீடு தேவை. கருவியைத் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவர்களிலிருந்து சில மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கடற்கரையில் ஒலிவாங்கியின் மேல் பஞ்சுறை போடாவிட்டால் காற்று மோதும் ஓசையே அளவாகப் பதிந்துவிடும். காற்று பலமாக வீசும் நேரத்தில் அளப்பதைத் தவிர்க்க வேண்டும்.

அலையோசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒலிபெருக்கி ஓடும்போது ஒருமுறை, நின்ற பிறகு ஒருமுறை என்று ஒரே இடத்தில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் பதிவானது ஒலிபெருக்கியின் சத்தம் என்று கொள்ளலாம். 3 டெசிபலுக்கும் குறைவாக இருந்தால் அந்த அளவீட்டை வைத்து முடிவுக்கு வர முடியாது.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பந்தலிலிருந்து 10 மீட்டரில் 90 டெசிபல் இருந்தால் 80 மீட்டரில் 72, 320 மீட்டரில் 60 என்று இறங்கும். அதாவது, நான்கு தெரு தள்ளியும் குடியிருப்புக்கான பகல் வரம்பைவிட 5 டெசிபல் கூடுதலாகவே இருக்கும். காற்று வீசும் திசையில் சத்தம் இன்னும் தூரம் போகும். பகலில் கடற்காற்று அதை ஊருக்குள் தள்ளுகிறது. இரவில் கரைக்காற்று எழும்போது, ஊருக்கு மேற்கே சாலையோரம் உள்ள மண்டபத்தின் சத்தம் கிழக்கே இருக்கும் கரையோர வீடுகளை எட்டுகிறது. ஆகவே பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் அளப்பது அவசியம்.

4. சட்ட வரம்பைத் தெரிந்துகொள்ளுதல்

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் வந்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 நாடு முழுவதற்கும் பொருந்தும். ஊருக்குத் தேவையான பகுதிகள் இவை:

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்; வணிகப் பகுதியில் 65, 55; மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி அறிவிக்கப்பட்ட அமைதி மண்டலத்தில் 50, 40.

எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்குக்குள்ளும் பொது அவசர நிலையிலும் தவிர, அறவே கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் மட்டும் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம்.

பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் சத்தம், அந்தப் பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. விடுதி போன்ற தனியார் இடத்தின் எல்லையில் கூடுதலாக 5 டெசிபல் மட்டுமே அனுமதி.

வழிபாட்டுக்கும் இது பொருந்தும். சென்னை மெஜஸ்டிக் காலனி வழக்கில், ஒலிபெருக்கி வைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது.

5. சத்தம் பிறக்கும் இடத்திலேயே குறைத்தல்

தொழில் சத்தத்துக்குத் தடையைவிட இடமாற்றமும் பராமரிப்பும் பலன் தரும். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை வீடுகளுக்கு எதிர்ப்புறம் திருப்பி வைத்து, அடியில் ரப்பர் போட்டால் அதிர்வு குறையும். உடைந்த சைலன்சரோடு ஓடும் படகு எஞ்சினைச் சரிசெய்யச் சங்கம் வழியாக ஏற்பாடு செய்யலாம். ஜெனரேட்டர் வைத்திருக்கும் விடுதியிடம் ஒலித்தடுப்புக் கூண்டு கேட்கலாம். 2005 முதல் தயாராகும் 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி.

மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பலகை மாற்றுவது, ஆணி அடிப்பது, கிரைண்டர் வைத்துத் துருவைத் தேய்ப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் அதே மாதங்களிலும் கடலுக்குப் போய் வருவதால், கிரைண்டர் வேலையைக் காலை 8 முதல் பகல் 1 வரை, பிறகு மாலை 4 முதல் 6 வரை என்று பிரித்துக்கொள்வது இரு தரப்புக்கும் ஒத்துவரும்.

6. மைக் செட்காரரிடம் உடன்பாடு

ஊருக்கு வரும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். விழா நடத்துகிறவர் ஒவ்வொரு முறையும் மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை. ஆகவே இவர்களிடம் பேசுவது எளிது. கூம்பு வடிவக் குழாய்கள் வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் போதும். ஒரே முனையில் பெரிய பெட்டிகளை அடுக்காமல், பந்தலுக்குள் சிறிய பெட்டிகளைப் பிரித்து வைத்து உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒத்திகை பார்க்கும்போதே பந்தல் எல்லையில் அளந்து, ஆம்ப்ளிஃபயரில் அந்த அளவைக் குறியிட வேண்டும். மண்டபத்தை வாடகைக்கு விடும்போது முன்பணம் வாங்கிக்கொண்டு, நேரம் மீறினால் பிடித்தம் உண்டு என்பதை ரசீதிலேயே எழுதிவிடலாம்.

7. கிராம சபையில் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தார், பங்குப் பேரவை, ஜமாத், மகளிர் குழு, விடுதி உரிமையாளர்கள் ஆகியோரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுத் தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டும். வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்:

“மறுநாள் தொழில் உள்ள இரவுகளில் 8 மணிக்கு மேல் திறந்தவெளி ஒலிபெருக்கி இல்லை. பகல் 1 முதல் 4 வரை பந்தல் பாட்டு இல்லை. ஓய்வு நாளுக்கு முந்தைய இரவில் 10 மணி வரை உண்டு. புயல், மீட்பு அறிவிப்புகளுக்கு எப்போதும் தடையில்லை.”

தீர்மான நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து, ஒலிபெருக்கி அனுமதி வழங்கும்போது இதையும் நிபந்தனையாகச் சேர்க்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.

8. மீறினால் செய்ய வேண்டியது

முதலில் ஊரே நியமித்த இரண்டு பேர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் விழா வீட்டாரின் உறவாக இருந்தால் பேச்சு முறியாது. கேட்காவிட்டால் 112-க்கு அழைக்கலாம். வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தாலும், இரவுத் தடை மீறப்பட்டாலும் விதிகளின்படி புகார் செய்ய யாருக்கும் உரிமை உண்டு. புகாரில் தேதி, நேரம், இடம், அளவீடு, காணொளி ஆகியவை இருக்க வேண்டும். தொடர்ந்து தொல்லை தரும் இடமென்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லையை நீக்க உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

ஊர்க்கூட்டம் தெண்டம் விதிப்பதும், குடும்பத்தை ஒதுக்கி வைப்பதும் கூடாது. அவை சட்டப்படி செல்லாதவை; இரைச்சல் வழக்கைக் கட்டப் பஞ்சாயத்து வழக்காக மாற்றிவிடுபவை.

9. ஆண்டுக்கு ஒருமுறை திருத்துதல்

புகார்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் நேரங்களைத் திருத்த வேண்டும். கிழக்குக் கரை ஊர்களுக்கு இதற்கு ஏற்ற நாள் மே 1. தடைக்காலம் என்பதால் விசைப்படகுத் தொழிலாளர்களும் அன்று கரையில் இருப்பார்கள். யாருடைய உறக்கத்துக்காகக் கட்டுப்பாடு எழுதப்படுகிறதோ அவர்கள் சபையில் உட்காராமல் எந்த நேரத்தையும் மாற்றக் கூடாது.